பதினைந்து நாள் பாஸ்

டோர்ட்மண்ட்,
09.02.2025

தங்கை சிவசக்திக்கு,

நேசமலர் எழுதுவது. எழுபத்தாறு வயதுக்குரிய சுகத்தோடு இருக்கிறேன். அதற்கு மேல் கேட்கவும் இல்லை, கிடைக்கவும் இல்லை. உன் சீனி வருத்தமும் கனகலிங்கத்தின் முழங்காலும் எந்த நிலையில் என்பதை ஒளிக்காமல் எழுது. இதைத் தொலைபேசியில் பேச ஏலாது. உன் புருஷனுக்குக் காது மந்தம் என்று நீ ஒலிபெருக்கியைப் போட்டுவிடுகிறாய். பிறகு நான் சொல்வதை அவரும் கேட்கிறார், பக்கத்து வளவும் கேட்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மருதங்கடவைச் சோதனைச்சாவடியை இந்த மாதம் கழற்றப்போகிறார்களாம். சண்டை முடிந்து பதினாறு வருடத்துக்குப் பிறகு அங்கே நின்ற மண்மூட்டைகள் யாரிடமிருந்து யாரைக் காத்தன என்பதை எவரும் விளக்கவில்லை. அது கிடக்கட்டும். யுத்த காலத்தில் பொலிஸ் நடந்துகொண்ட முறையை மீளாய்வு செய்யப் பொலிஸ் திணைக்களம் ஒரு குழுவும் அமைத்திருக்கிறது. செப்டெம்பர் முப்பது வரை எழுத்துமூல வாக்குமூலங்களை ஏற்பார்கள். அவர்களுடைய விடயப் பட்டியலைத் துஷானி எனக்கு அச்சடித்துத் தந்தாள். இங்கே பிறந்த பிள்ளை, சட்டம் படித்துவிட்டுப் பயிற்சியில் இருக்கிறாள். டோர்ட்மண்ட் தமிழரின் வாக்குமூலங்களைத் தொகுப்பவள் அவள்தான். பட்டியலில் வீதித் தடை இருக்கிறது, வீட்டுச் சோதனை இருக்கிறது. பயண அனுமதி கொடுத்த பாஸ் கந்தோரும் பிணை முறையும் இல்லை. ஏனென்று எழுதிக் கேட்டாள். அதைப் பற்றி இதுவரை ஒருவரும் முறையிடவில்லை என்று பதில் வந்திருக்கிறது.

பிணை என்றால் என்னவென்று அவளுக்கு விளங்கப்படுத்த எனக்கு ஒரு பின்னேரம் எடுத்தது. வன்னியிலிருந்து வந்த ஒருவர் மருதங்கடவையைத் தாண்டித் தெற்கே போவதென்றால், ஊரிலிருக்கும் இன்னொருவர் பொலிஸில் கையெழுத்து வைக்கவேண்டும். போனவர் குறித்த நாளில் திரும்பாவிட்டால் கையெழுத்து வைத்தவரைப் பிடிப்பார்கள் என்றேன். அவள் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஆளையா அன்ரி? ஆளையா ஈடு வைக்கிறது?" என்று கேட்டாள். இருபத்திரண்டு வருடம் குடியியல் படிப்பித்தவள் நான். நடமாடும் சுதந்திரம் என்ற பாடத்தை நடத்திய அதே நாட்களில் என் கைப்பையில் பாஸ் இருந்தது.

1998 மே மாதம் வன்னியிலிருந்து வந்து, கண் வைத்தியத்துக்கென்று பதினைந்து நாள் பாஸில் நான் கொழும்புக்குப் போனேன். கனகலிங்கம் எனக்குப் பிணை நின்றார். நான் இங்கே வந்து சேர்ந்தேன். அவரை மூன்று நாள் மறித்து வைத்திருந்துவிட்டு விட்டார்கள் என்று நீ அப்போது எழுதினாய். மூன்று நாளென்றாலும் அநியாயம் அநியாயமே. உயிரோடிருக்கும் பிணைக்காரர் ஒருவராவது எழுதினால்தான் அந்தக் கந்தோர் அறிக்கையில் ஏறும். இல்லாவிட்டால் அப்படியொன்று இருந்ததேயில்லை என்றாகிவிடும். ஆகவே அவர் எழுதவேண்டும். படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

மருந்தை நேரத்துக்குப் போடு.

நேசமலர்


மருதங்கடவை,
14.03.2025

அன்பின் அக்கா,

உங்கட கடிதமும் படிவமும் கிடைச்சுது. எனக்குச் சீனி இருநூறுக்குக் கீழ நிக்குது. இவருக்கு முழங்கால் படியேறேக்கை மட்டும்தான் பிழை. உங்கட பக்கம் பனி விட்டிட்டுதோ? பிருந்தா நேற்று வந்தவள், பெரியம்மாவை விசாரிச்சதாச் சொல்லச் சொன்னவள்.

சாவடி கழட்டியாச்சு. ரெண்டு நாள் வேலை. மண்மூட்டையெல்லாம் உக்கிப்போய், தூக்கத் தூக்கக் கொட்டுண்டுது. தகரத்தை ஆர் எடுக்கிறது எண்டு சனத்துக்குள்ள சண்டை. கடைசியில ஒரு ஆமிக்காரப் பெடியனே வரிசையில நிக்கச் சொல்லிப் பிரிச்சுக் குடுத்தவன். கடைக்குப் போகேக்கை இப்ப நேரா நடக்கலாம். கால் தன்பாட்டில வளைஞ்சு சுத்திப் போகுது, பழக்கதோஷம்.

இவர் பாக்கப் போகேல்லை. "ஒருக்காப் போய்ப் பாருங்கோவன்" எண்டன். "அதைப் போடேக்கை பாத்தனான், அதுவே காணும்" எண்டார்.

படிவத்தை வாசிச்சவர். மடிச்சு மேசை லாச்சியில வைச்சிட்டார். எழுத விருப்பமில்லையாம். நீங்கள் கட்டாயப்படுத்தாதேங்கோ அக்கா.

சுகமாயிருங்கோ.

சக்தி


டோர்ட்மண்ட்,
02.04.2025

தங்கை சிவசக்திக்கு,

பனி விட்டுவிட்டது, மழை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. இருநூறுக்குக் கீழே என்று எழுதுகிறாய். நூற்றுத்தொண்ணூற்றெட்டும் இருநூறுக்குக் கீழேதான். இலக்கத்தை எழுது.

விருப்பமில்லை என்றால் என்ன பொருள்? இது என்ன கலியாண வீட்டுச் சாப்பாடா, விருப்பமிருந்தால் இருந்து சாப்பிடவும் இல்லையென்றால் எழும்பவும்? இருபத்தேழு வருடம் வாயை மூடியிருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. சாவடி வாசலில் நின்றது. இப்போது அந்தக் காரணத்தைத் தகரம் தகரமாகப் பிரித்து ஊருக்குக் கொடுத்துவிட்டார்கள். இன்னும் எதற்குப் பயம்?

ஆனால் உன் புருஷனை மட்டும் குறை சொல்ல இங்கே எனக்கு முகமில்லை. போன ஞாயிறு சங்க மண்டபத்தில் இதுபற்றிக் கூட்டம். அறுபது பேர். தலைவர் மகேந்திரராஜா முன்னால் நின்று தீர்மானம் ஒன்று, தீர்மானம் இரண்டு என்று வாசித்தார். வன்மையாகக் கண்டிக்கிறோம், வன்மையாகக் கோருகிறோம். எதுவும் மென்மையாக இல்லை. துஷானி கையை உயர்த்தினாள்.

"அங்கிள், நீங்களும் அந்தப் பாதையாலதானே வந்தனீங்கள்? உங்களுக்கு ஆர் பிணை நிண்டது?"

"அது பிள்ளை, அந்த நேரம் எல்லாரும் எல்லாருக்கும் நிண்டவை."

"எல்லாரும் எண்டால் ஆர்? ஒரு பேர் சொல்லுங்கோ. நீங்கள் திரும்பிப் போகேல்லைத்தானே, அந்த ஆளுக்குப் பிறகு என்ன நடந்தது?"

மகேந்திரராஜா மண்டபத்தைப் பார்த்தார். மண்டபம் நிலத்தைப் பார்த்தது. "தேத்தண்ணி ஆறப்போகுது" என்றார். அறுபது பேரும் எழும்பினார்கள். அதில் பாதிப் பேர் மருதங்கடவையால் வந்தவர்கள், சிவசக்தி. ஒவ்வொருவரும் அந்தக் கந்தோரில் ஓர் ஆளை விட்டுவிட்டு வந்தவர்கள். கோயில் திருவிழாவுக்கு உபயம் எழுதும்போது தகப்பன் பேர், பாட்டன் பேர், ஊர்ப் பேர் எல்லாம் ஞாபகம் வரும். இந்த ஒரு பேர் வராது. இப்படிப்பட்ட கோழைகளோடு இத்தனை வருடம் ஒரே மண்டபத்தில் இருந்தேனே என்று எனக்கு உடம்பு எரிகிறது.

கனகலிங்கத்திடம் இதை வாசித்துக் காட்டு. ஒரு மாதம் பொறுக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

நேசமலர்


மருதங்கடவை,
11.05.2025

அன்பின் அக்கா,

சீனி நூற்று எண்பத்தாறு. இவர் சுகம். உங்களுக்குப் பிரஷர் ஏறாமப் பாத்துக்கொள்ளுங்கோ.

வாசிச்சுக் காட்டினன். மகேந்திரராஜா தேத்தண்ணி எண்ட இடத்தில சிரிச்சவர். படிவம் இன்னும் லாச்சியிலதான் கிடக்குது.

அந்தக் கூட்டத்தில நீங்கள் என்ன சொன்னீங்கள் எண்டு எழுதேல்லை.

சக்தி


டோர்ட்மண்ட்,
28.05.2025

தங்கை சிவசக்திக்கு,

உன் கடிதத்தின் நீளத்தைப் பார்த்தால் இலங்கையில் கடதாசித் தட்டுப்பாடு திரும்பிவிட்டதோ என்று யோசிக்கவேண்டியிருக்கிறது. நூற்று எண்பத்தாறு அதிகம். வைத்தியரிடம் போ.

போன வெள்ளி எல்லைக்கு அப்பால், ஒல்லாந்தில், மரக்கறி வாங்கிக்கொண்டு ரயிலில் திரும்பினேன். முதலாவது ஜேர்மன் நிலையத்தில் இரண்டு எல்லைக் காவலர் ஏறினார்கள். முன்பு இந்த எல்லையில் ஒரு பலகை மட்டும்தான் இருந்தது. இப்போது அங்கே கழற்றுகிறார்கள், இங்கே பூட்டுகிறார்கள். மரியாதையான பெடியள்தான். எல்லோரிடமும் கேட்டார்கள், என்னிடமும் கேட்டார்கள். ஜேர்மன் கடவுச்சீட்டைக் கொடுத்தேன். இரண்டு விநாடியில் திருப்பித் தந்து நல்ல பயணம் என்றார் ஒருவர். அந்த இரண்டு விநாடியும் என் கைகள் என்ன செய்தன தெரியுமா? பையைத் திறந்து, முருங்கைக்காயையும் கத்தரிக்காயையும் ஒவ்வொன்றாக எடுத்து இருக்கையில் அடுக்கத் தொடங்கிவிட்டன. யாரும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த ஜேர்மன்காரி எனக்குச் சித்தம் கலங்கிவிட்டதென்று நினைத்திருப்பாள். பாஸ் கந்தோர் அரசியல் விஞ்ஞானப் பட்டதாரியிடம் விட்டுவைத்த கல்வி இதுதான். இதை எந்தக் குழு மீளாய்வு செய்யும்?

உன் கேள்விக்குப் பதில்: நானும் எழும்பிப் போய்த் தேத்தண்ணி குடித்தேன்.

ஆகவே கனகலிங்கம் எழுதுவது இன்னும் அவசியமாகிறது. அவருக்குச் சிரமமென்றால் விபரத்தை மட்டும் அனுப்பு, துஷானி எழுதுவாள், அவர் கையெழுத்து வைத்தால் போதும். படிவத்தில் தடுத்துவைத்த நாட்களுக்குத் திகதி கேட்கிறார்கள். மூன்று நாள் என்றாயே, அவை எந்த மூன்று நாள்?

நேசமலர்


டோர்ட்மண்ட்,
30.06.2025

தங்கை சிவசக்திக்கு,

சுகமா என்று கேட்டு எழுதுகிறேன், ஏனென்றால் கேட்பதற்கு வேறொன்றும் நீ விட்டுவைக்கவில்லை. என் கடிதம் உனக்குக் கிடைத்துவிட்டது. பதிவுத் தபாலின் கையெழுத்தைத் துஷானி கணினியில் எனக்குக் காட்டினாள். அது உன்னுடைய கையெழுத்து.

நான் கேட்டது இரண்டு திகதிகள். மறந்துவிட்டால் மறந்துவிட்டதென்று எழுது.

அக்கா


மருதங்கடவை,
19.07.2025

அன்பின் அக்கா,

நாங்கள் சுகம். உங்கட ரெண்டு கடிதமும் வந்தது. ரெண்டு தரம் எழுதிக் கிழிச்சன், இது மூண்டாவது.

திகதி கேட்டீங்கள். 1998 யூன் 4 தொடக்கம் 1999 யூலை 29 வரைக்கும். பதினாலு மாதத்துக்கு ஆறு நாள் குறைவு.

மூண்டு நாள் எண்டு எழுதினது நான். உங்களுக்கு நோகக்கூடாது எண்டு எழுதேல்லை. அந்த நேரம் உங்கட இரக்கத்தை வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரேல்லை, அவ்வளவுதான். பிறகு மாத்தி எழுத வழி இல்லாமப் போச்சு.

இவரை வைச்சிருந்த இடத்தில புதன்கிழமை மட்டும் சாப்பாட்டுப் பார்சல் குடுக்கலாம். வாசல் படலையில ஒரு சார்ஜன்ட் இருப்பான், தமிழ் கதைப்பான். "அக்கா வந்திட்டாவோ?" எண்டு கேப்பான். இன்னும் இல்லை ஐயா எண்டுவன். "அப்ப சாப்பாடு அக்காவிட்டக் குடும்" எண்டு சொல்லிச் சில கிழமை பார்சலைத் திருப்பி விடுவான். சில கிழமை வாங்குவான். எந்தக் கிழமை எப்பிடி எண்டு எனக்குக் கடைசி வரைக்கும் பிடிபடேல்லை. பிருந்தாவுக்கு அப்ப நாலு வயசு. அவளும் வீட்டில ஆரும் படலை திறந்தால் "பெரியம்மா வந்திட்டாவோ" எண்டுதான் கேப்பாள்.

இவரை என்ன செய்தவை எண்டு இவர் எனக்குச் சொன்னதில்லை. வலக்கை விரல் மூண்டு மடங்காது. திரும்பத் தபால் கந்தோர் வேலைக்குப் போன அண்டைக்கு முத்திரைச் சுத்தியலைத் தூக்கேலாமக் கீழ விட்டவராம், பியோன் வந்து சொன்னவன். அதுக்குப் பிறகு பென்சன் எடுக்கும் வரைக்கும் கடிதம் பிரிக்கிற மேசைதான்.

உங்களைக் குற்றம் சொல்ல எழுதேல்லை. கண் வருத்தம் எண்டு போனீங்கள், போன இடத்தில ஏஜென்சி அவசரப்படுத்திப் போட்டான், திரும்ப வழியில்லை எண்டு எழுதினீங்கள். நான் நம்பினன். இண்டைக்கும் நம்பிறன். ஆனால் இந்தப் படிவத்தில மூண்டு நாள் எண்டு எழுதச் சொல்லி அவரிட்ட நான் கேக்கேலாது.

சீனி பாக்கேல்லை.

சக்தி


டோர்ட்மண்ட்,
05.08.2025

சக்திக்கு,

நலம் விசாரிக்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. விசாரிக்கிறேன்.

உன் கடிதம் வந்து மூன்று நாள். முதல் நாள் அந்தச் சார்ஜன்டின் மேல் கோபப்பட்டேன். இரண்டாம் நாள் உன் மேல் கோபப்பட்டேன், ஏன் எழுதவில்லை என்று. அதற்குப் பிறகு கோபப்பட வேறு ஆள் கிடைக்கவில்லை.

எனக்குத் தெரியாது என்று எழுதினால் அது பொய். அந்தப் பதினாலு மாதத்தில் உன்னிடமிருந்து ஆறு கடிதம் வந்தன. அதற்கு முன் நீ எழுதும் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் கனகலிங்கம் இரண்டு வரி சேர்ப்பார், மழை பெய்ததென்றோ தபால் பிந்தியதென்றோ. இந்த ஆறிலும் அந்த இரண்டு வரி இல்லை. கவனித்தேன். கவனித்ததைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாய். சொன்னால் நான் என்ன செய்திருப்பேன்? அகதி அன்ட்ராக் என்ற விண்ணப்பம் முடியாமல் நாட்டைவிட்டு அசைய ஏலாது என்று சட்டம் பேசியிருப்பேன். அது உண்மையும்கூட. அதனால்தான் கேட்கவில்லை.

இன்னொன்று. ஏஜென்சி அவசரப்படுத்தினான் என்று எழுதினேன். உன் வீட்டுக்கு வருவதற்கு முன்பே திகதி எனக்குத் தெரியும். தாரகனுக்குப் பத்தொன்பது வயது, இங்கே தனியாக அகதி முகாமில் இருந்தான். என் பிள்ளையிடம் போவதென்று தீர்மானித்துவிட்டுத்தான் உன் வீட்டில் மூன்று நாள் தங்கி, நீ சமைத்ததைச் சாப்பிட்டு, உன் புருஷனைப் பொலிஸுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கையெழுத்து வைப்பித்தேன். கண்ணில் எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

பதினொரு பக்கத்தில் என் வாக்குமூலத்தை எழுதியிருக்கிறேன். பிரதி இத்துடன் இருக்கிறது. அப்பாவியான ஒரு மனிதரை நான் ஏமாற்றியதால் அவர் தண்டனை அனுபவித்தார் என்று நான்காம் பக்கத்தில் தெளிவாக எழுதியிருக்கிறேன். அனுப்புவதற்கு முன் அவர் இதை வாசிக்கவேண்டும்.

நேசமலர்


மருதங்கடவை,
27.08.2025

மதிப்புக்குரிய மச்சாள்,

கனகலிங்கம் எழுதுவது. இடக்கையால் எழுதுகிறேன், எழுத்துச் சரிந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ. நீங்களும் தாரகனும் சுகமென்று நம்புகிறேன். இங்கே மழைக்கு அறிகுறி இல்லை.

பதினொரு பக்கமும் வாசித்தேன். நன்றாக எழுதியிருக்கிறீர்கள். நான்காம் பக்கம் மட்டும் பிழை. நான் அப்பாவி அல்ல, என்னை ஒருவரும் ஏமாற்றவும் இல்லை.

சாவடியில் உங்களைப் பெண்கள் சோதனைக் கூட்டுக்குள் கூப்பிட்டபோது உங்கள் பையை நான் வைத்திருந்தேன். ஆமிக்காரன் திறந்தான். சேலைகளுக்கு நடுவில் பட்டச் சான்றிதழ், பிறப்புப் பத்திரம், தாரகனின் படம். "கண்ணாஸ்பத்திரிக்கு இது எதுக்கு?" என்று கேட்டான். "ரீச்சருக்குக் கல்விக் கந்தோரிலையும் ஒரு அலுவல் இருக்கு" என்றேன். மூடித் தந்தான். நீங்கள் வெளியே வந்தபோது நான் பையைத் தந்தேன். பாஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக எனக்கு அப்போதும் நேரம் இருந்தது. செய்யவில்லை. அதற்கு முதல் நாள் கையெழுத்து வைத்தபோதே முக்கால்வாசி தெரியும். ஒருவர் வெளியே போவதற்கு இன்னொருவர் உள்ளே நிற்கவேண்டும் என்பது அவர்களுடைய சட்டம். ஆராவது நிற்காவிட்டால் ஒருவரும் போக ஏலாது. நான் நின்றேன். அதற்குமேல் அதில் ஒரு பெரிய கதையும் இல்லை.

நான் ஏன் எழுதவில்லை என்று கேட்கிறீர்கள். படிவத்தில் ஏழாம் கேள்வியைப் பாருங்கோ. "பிணை வழங்கும்போது நீங்கள் தவறாக வழிநடத்தப்பட்டீர்களா?" ஆம் என்று எழுதினால் குற்றம் உங்களில். இல்லை என்று எழுதினால் குற்றம் என்னில். ஆளை ஈடு கேட்ட கந்தோரில் குற்றம் விழுவதற்கு அந்தத் தாளில் இடமே இல்லை. முப்பத்தாறு வருடம் தபால் கந்தோரில் படிவம் நிரப்பியவன் நான். எந்தப் படிவம் என்ன பதிலை எடுக்கச் செய்யப்பட்டது என்று எனக்குத் தெரியும். அதற்கு என் கையெழுத்து இல்லை.

நான் அறிந்தே கையெழுத்து வைத்தேன் என்பது சக்திக்குத் தெரியாது. தெரியத் தேவையில்லை. உறை ஒட்ட எனக்குக் கை வராது, அவவிடம்தான் கொடுக்கப்போகிறேன். எங்கள் வீட்டில் மற்றவரின் கடிதத்தை வாசிக்கும் பழக்கம் இல்லை.

இங்ஙனம்,
க. கனகலிங்கம்


மருதங்கடவை,
29.08.2025

அக்கா,

இவரின்ர கடிதத்தை வாசிச்சிட்டுத்தான் ஒட்டி அனுப்பினன். நாற்பத்துமூண்டு வருசத்தில இதுதான் முதல் தரம்.

உங்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. படலையில நிண்டு "அக்கா வருவா ஐயா, கண் கடுமையாக்கும், ஒப்பரேசன் செய்தினமாக்கும்" எண்டு சொன்னவள் நான். நம்பிச் சொன்னனான். என்னைப் பாத்து அவன் சிரிச்சதுக்கு இப்பதான் காரணம் விளங்குது. உங்கட பதினொரு பக்கத்தில நான் எத்தினை இடத்தில வாறன் எண்டு தேடிப் பாத்தன். ஒரு இடத்தில. நான் சமைச்சுத் தந்தனானாம்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" எண்டு இவரிட்டக் கேட்டன். "சொல்லியிருந்தால் நீர் என்னை விட்டிருக்கமாட்டீர்" எண்டார்.

"ஓம், விட்டிருக்கமாட்டன்."

"அதுதான்."

"உங்களுக்கு அது உங்கட கை மட்டும்தான், என்ன? நான் படலையில நிண்டது கணக்கில்லையோ?"

நேற்று முழுக்க நான் சமைக்கேல்லை. அவரே தேங்காய் துருவ வெளிக்கிட்டு விரலை வெட்டிக்கொண்டார்.

இண்டைக்குக் காலமை லாச்சியைத் திறந்து அந்தப் படிவத்தை எடுத்துக்கொண்டு வாக்குமூலம் எடுக்கிற கச்சேரிக் கந்தோருக்குப் போனன். அங்க இருந்த பிள்ளை "அம்மா, நீங்கள் கைதானவரோ, சாட்சியோ? ரெண்டில ஒண்டுக்குப் புள்ளடி போடவேணும்" எண்டுது. ரெண்டும் இல்லை எண்டன். "அப்ப உங்களிட்ட எடுக்கேலாதே" எண்டுது. பேனையைத் தாரும் எண்டு வாங்கி, அடியில மூண்டாவதா ஒரு பெட்டி கீறினன். 'படலையில் நின்றவர்' எண்டு எழுதிப் புள்ளடி போட்டன். அது பெரியவரைக் கூட்டிக்கொண்டு வந்தது. பெரியவர் வாசிச்சுப்போட்டு முத்திரை குத்திப் பற்றுச்சீட்டுத் தந்தார்.

ஏழாம் கேள்விக்கு நான் பதில் எழுதேல்லை. அறுபது புதன்கிழமை எண்டு எழுதினன். படலையில மாறி மாறி இருந்த மூண்டு பேரின்ர பேரும் எழுதினன், சட்டையில குத்தியிருந்த பேர், எனக்கு மறக்காது. உங்களைப் பற்றியோ இவரைப் பற்றியோ நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை. அது எங்கட வீட்டு விசயம். அதை நான் வீட்டில பாத்துக்கொள்ளுவன்.

நீங்கள் கொஞ்ச நாளைக்கு எனக்கு எழுதவேண்டாம். எழுதினாலும் பிரிக்கமாட்டன். இது கோபத்தில எழுதுறதுதான். மருந்து போடுறன்.

சிவசக்தி


டோர்ட்மண்ட்,
18.09.2025

செயலாளர்,
பொலிஸ் நடத்தை மீளாய்வுக் குழு

ஐயா அல்லது அம்மணி,

உங்கள் நலம் பற்றி விசாரிப்பது இத்தகைய கடிதங்களில் வழக்கமில்லை. ஆகையால் விடயத்தை எழுதுகிறேன்.

மருதங்கடவைப் பாஸ் கந்தோர் பற்றி எவரும் முறையிடவில்லை என்று நீங்கள் முன்னர் அறிவித்திருந்தீர்கள். இனி அப்படிச் சொல்ல முடியாது. ஓகஸ்ட் 29ஆம் திகதி அவ்வூர்க் கச்சேரியில் திருமதி சிவசக்தி கனகலிங்கம் தம் கையால் எழுதிய வாக்குமூலத்தைக் கொடுத்து, பற்றுச்சீட்டும் பெற்றிருக்கிறார். உங்கள் படிவத்தில் அவருக்கு இடம் இருக்கவில்லை. அவர் ஓர் இடத்தைக் கீறிக்கொண்டார். அந்தப் பெட்டியை எல்லாப் படிவங்களிலும் சேர்க்கும்படி கேட்கிறேன். அதில் புள்ளடி போட வேண்டிய பெண்கள் அந்த ஊரில் ஒரு வீதிக்குப் பத்துப் பேர் இருப்பார்கள்.

நான் ஒரு பதினொரு பக்க வாக்குமூலம் தயாரித்திருந்தேன். அதை அனுப்பவில்லை. அதில் என் குற்றத்தைப் பற்றி அதிகமும், உங்கள் கந்தோரைப் பற்றிக் குறைவாகவும் எழுதியிருந்தேன். அது கந்தோருக்கு மிகவும் வசதியான வாக்குமூலம். அதற்குப் பதிலாகக் கீழ்க்கண்டவற்றை உறுதிப்படுத்துகிறேன்.

1998 மே 18இல் பதினைந்து நாள் பாஸில் மருதங்கடவையைத் தாண்டித் திரும்பாதவர் நான். திரும்புவதில்லை என்று தீர்மானித்தே போனேன். என் நாட்டுக்குள் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகவும், அங்கிருந்து விரும்பினால் வெளியேறவும் எனக்கு உரிமை இருந்தது. எனக்காகக் கையெழுத்து வைத்தவருக்கும் தன் வீட்டில் இருக்க உரிமை இருந்தது. இந்த இரண்டு உரிமைகளில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம், எதுவென்று நீங்களே உங்களுக்குள் பேசி முடிவெடுங்கள் என்று ஒரு குடும்பத்திடம் விட்டது உங்கள் திணைக்களம். நாங்கள் முடிவெடுத்தோம். எடுத்த முடிவு எங்கள் மூவரையும் இருபத்தேழு வருடம் ஒருவரிடமிருந்து ஒருவர் ஒளிய வைத்திருக்கிறது. அவரை நீங்கள் பதினாலு மாதத்துக்கு ஆறு நாள் குறைவாக வைத்திருந்தீர்கள். அவர் வாக்குமூலம் தர மறுக்கிறார். காரணம் உங்கள் ஏழாம் கேள்வி. அந்தக் கேள்வியை எழுதியவர் எவரோ, அவரும் மீளாய்வுக்குரியவர்.

என் தங்கை எழுதியவற்றில் எதையாவது சரிபார்க்க வேண்டுமானால் என்னைக் கேளுங்கள். அவரை மறுபடியும் எந்த வாசலுக்கும் கூப்பிடவேண்டாம்.

சாவடியைக் கழற்றியதைப் பத்திரிகையில் பெரிதாகப் போட்டிருந்தீர்கள். தகரத்துக்குத் தண்டனை கொடுத்தாகிவிட்டது. ஆளை ஈடு வாங்கும்படி உத்தரவு எழுதி, அதன் கீழ் ஒருவர் கையெழுத்து வைத்திருப்பார். திரும்பி வராதவர் யாரென்று நான் என் பெயரை முழுதாக எழுதியிருக்கிறேன். அவருடைய பெயரை நீங்கள் எழுதுங்கள்.

நேசமலர் இராசதுரை
டோர்ட்மண்ட், ஜேர்மனி

பிரதி: திருமதி சிவசக்தி கனகலிங்கம், மருதங்கடவை. (உறையை ஒட்டவில்லை. பிரிக்கத் தேவையில்லை. வாசிக்காமலும் வைத்திருக்கலாம்.)